டபுள் கேப் பிக்கப்பின் பின் இருக்கைக்கு அடியில் சப்வூஃபர் பெட்டி அமைக்கும் முறை

கார் வைத்திருப்பவர் சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டியை டிக்கியில் இறக்கிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். நான்கு கதவு கொண்ட டபுள் கேப் பிக்கப்புக்கு டிக்கி கிடையாது. பின்னாலுள்ள தொட்டியோ மழைக்கும் தூசிக்கும் களவுக்கும் திறந்தே கிடக்கிறது. ஆகவே பெட்டிக்கான இடத்தைக் கேபினுக்குள்ளேயே தேட வேண்டும். பயணிகளின் காலுக்கு இடைஞ்சல் இல்லாத நல்ல இடம் பின் இருக்கையின் அடிப்பகுதிதான். ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ போன்ற அமெரிக்கப் பிக்கப்களில் பின் இருக்கையின் அமரும் பகுதி 60/40 என்று இரண்டு துண்டாகப் பிரிந்து மேல்நோக்கி மடங்குவதும், அதன் கீழே தரை ஏறத்தாழச் சமமாக இருப்பதும் இந்த வேலைக்கு மிகவும் வசதியானவை. இந்தக் கட்டுரை அந்த வகை வண்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசூ டி-மேக்ஸ் போன்ற சற்றே சிறிய டபுள் கேப்களிலும் முறை இதுவேதான். இடம் மட்டும் குறையும்.

இந்த வேலையில் எல்லாவற்றையும் முடிவு செய்வது இருக்கைக்குக் கீழே உள்ள உயரம். எந்த ஸ்பீக்கர், எத்தனை அங்குலம், எந்தப் பலகை, எந்தப் பக்கம் பார்த்து ஒலிக்க வேண்டும் என்ற கேள்விகள் அனைத்துக்கும் விடை அந்த ஓர் அளவிலிருந்துதான் வருகிறது. முதலில் கடைக்குப் போய்ப் பிடித்த ஸ்பீக்கரை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற பெட்டியை நுழைக்கப் பார்த்தால், கடைசியில் இருக்கை அதன் கொக்கியில் மாட்டாமல் நிற்கும். அப்படி மாட்டாத இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து வண்டி ஓட்டுவது ஆபத்து.

அளவு எடுத்தல்

இருக்கையை மேலே மடக்கி வைத்துக்கொண்டு தரையிலிருந்து டேப் பிடித்து எடுக்கும் அளவு ஏமாற்றும். இருக்கையின் அடியில் இரும்புச் சட்டம், குறுக்குக் கம்பிகள், கீல், கொக்கி, சில வண்டிகளில் ஒயர் கட்டுகள் என்று பலவும் தொங்குகின்றன. ஆள் உட்கார்ந்ததும் மெத்தையும் கீழே அமுங்குகிறது. எனவே பழைய அட்டைகளை வெட்டி ஒட்டி, மனத்தில் இருக்கும் பெட்டியின் வடிவத்தில் ஒரு மாதிரியைச் செய்துகொள்ளுங்கள். அது நசுங்காமலிருக்க உள்ளே தெர்மோகோல் துண்டுகளை அடைத்துவிட்டு, குழந்தைகள் விளையாடும் மாவுக்களிமண்ணை எலுமிச்சை அளவு உருண்டைகளாக உருட்டி, மாதிரியின் மேற்பரப்பில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக வையுங்கள். அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்தால் இருக்கையில் ஒட்டாது. பிறகு இருக்கையை இறக்கி, கனமான ஒருவரை மூன்று இடங்களிலும் மாறி மாறி உட்காரச் சொல்லி, மீண்டும் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். சில உருண்டைகள் உருண்டையாகவே இருக்கும்; சில அப்பளமாகத் தட்டையாகியிருக்கும். தட்டையான உருண்டைகளின் கனம்தான் உங்களுக்கு எஞ்சியிருக்கும் உண்மையான இடைவெளி. எந்த இடத்திலும் அது 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

இதே நேரத்தில் தரை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும் அவசியம். பல பிக்கப்களில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் பின் இருக்கையின் அடியிலோ முதுகுப்பகுதிக்குப் பின்னாலோ வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு வேறு நிலையான இடத்தை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். சீட் பெல்ட்டின் கொக்கிகள், குழந்தை இருக்கையைப் பூட்டும் வளையங்கள், பின்பக்கம் வரும் ஹீட்டர் காற்றுவழி ஆகியவற்றைப் பெட்டி மறைக்கக் கூடாது. மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது காற்றுப்பையின் ஒயர் என்று கொண்டு, அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா

இந்த இடத்துக்கு மூடிய பெட்டியே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. துளைக்குழாய் வைத்த பெட்டி ஒரே ஆம்ப்ளிஃபையரில் அதிகச் சத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டி சிறியதாக ஆக ஆக, அதே தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு அந்தக் குழாய் நீண்டுகொண்டே போக வேண்டும். தட்டையான பெட்டிக்குள் அவ்வளவு நீளக் குழாயை மடித்து வைத்தால், ஸ்பீக்கருக்கு வேண்டிய காற்றிடத்தைக் குழாயே தின்றுவிடும். மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலி ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் என்ற அளவில் மெதுவாகத்தான் குறைகிறது. துளைப் பெட்டியிலோ குழாயின் அதிர்வெண்ணுக்குக் கீழே 24 டெசிபெல் வீதம் சரிகிறது. மூடிய கேபினுக்குத் தாழ்ந்த ஒலியைத் தானே உயர்த்திக் கொடுக்கும் இயல்பு உண்டு. கேபினின் நீளம் 2.5 மீட்டர் என்றால், ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த உதவி தொடங்குகிறது. மூடிய பெட்டி இழப்பதில் ஒரு பெரும் பகுதியை வண்டியே ஈடுசெய்துவிடுவதால், தாளின் மேல் கணக்குப் பார்த்து மூடிய பெட்டியில் பேஸ் குறைவாக இருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, ஸ்பீக்கர் மேல்நோக்கிப் பார்க்க வேண்டுமா, கீழ்நோக்கியா என்பது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நான்கு மீட்டருக்கும் அதிகம் என்பதால், காதுக்குத் திசை வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தேர்வு முழுக்க இடத்தைப் பொறுத்தது. மேல்நோக்கி வைத்தால் கோன் (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு) முன்னும் பின்னும் அசைய மெத்தைக்குக் கீழே 25 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி வேண்டும். இருக்கையை மடக்கிச் சாமான் ஏற்றும்போது கோனில் கிழிசல் விழும் அபாயமும் உண்டு. கீழ்நோக்கி வைத்தால் கோன் பத்திரமாக இருக்கும், ஆனால் கால் வைத்துப் பெட்டியைத் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: சுற்றளவைச் சுற்றிக் காற்று வெளியேறும் பரப்பு, கோனின் பரப்புக்கு ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். 10 அங்குல ஸ்பீக்கருக்குச் சுமார் 25 செ.மீ. விட்டமும் 4 செ.மீ. உயரமும் கொண்டால் ஏறத்தாழ 314 சதுர செ.மீ. வெளிவழி கிடைக்கிறது, அது போதுமானது.

கீழ்நோக்கி மாட்டினால் நாளடைவில் கோன் தொங்கிப்போகும் என்று சொல்பவர்கள் பலர் உண்டு. ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு எண் (கோன் தன்னியல்பாக அதிரும் அதிர்வெண்) 30 ஹெர்ட்ஸ் என்றால், புவியீர்ப்பால் கோன் இறங்கும் தூரம் 0.28 மி.மீ. மட்டுமே. 10 மி.மீ. அசையக்கூடிய ஸ்பீக்கரில் அது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 20 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஒத்ததிரும் தளர்வான ஸ்பீக்கராக இருந்தால் மட்டும் சற்று யோசிக்கலாம்.

கணக்கும் பலகையும்

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்த்துவிடுவோம். களிமண் சோதனைக்குப் பிறகு குறைந்தபட்சம் 230 மி.மீ. உயரம் கிடைக்கிறது என்று கொள்வோம். காலுக்கு 40, மேலே இடைவெளிக்கு 10 போக, பெட்டியின் வெளி உயரம் 180 மி.மீ. நீளம் 1200, அகலம் 350 என்றால், 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் செய்யும்போது உள்ளளவு 1164 × 314 × 144 மி.மீ., அதாவது 52.6 லிட்டர். அதையே 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டில் செய்தால் 1176 × 326 × 156 மி.மீ., 59.8 லிட்டர். பலகையின் கனத்தை மட்டும் மாற்றியே ஏழு லிட்டர் கூடுகிறது! தட்டையான பெட்டிகளில் நல்ல பிளைவுட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை. ஆனால் 12 மி.மீ. பலகையின் அகன்ற மேற்பரப்பு மேளம் போல அதிரும். மேல் பலகையையும் கீழ் பலகையையும் இணைக்கும் முட்டுக்கட்டைகளை ஒவ்வோர் அறையிலும் இரண்டு இடங்களிலாவது ஒட்ட வேண்டும்.

இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்களை வைப்பதாக இருந்தால் நடுவில் தடுப்புப் பலகை போட்டுத் தனித்தனி அறைகளாக்குங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று தனக்குரிய காற்றிடத்தை இழக்காது. தடுப்பே ஒரு முட்டுக்கட்டையாகவும் உதவும். தடுப்பு, ஸ்பீக்கரின் பின்புறம், முட்டுக்கட்டைகள் ஆகியவை அடைக்கும் இடத்தைக் கழித்தால், 18 மி.மீ. பலகையில் அறைக்கு 23 அல்லது 24 லிட்டரும், 12 மி.மீ. பலகையில் 27 லிட்டரும் மிஞ்சும்.

அந்த அளவு உங்கள் ஸ்பீக்கருக்குப் போதுமா என்பதை அதனுடன் வரும் தாளிலுள்ள இரண்டு எண்களை வைத்தே அறியலாம். Vas என்ற அளவைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, Qts என்ற எண்ணால் பெருக்குங்கள். விடை 0.7க்கு அருகில் இருந்தால் ஒலி சமமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். Vas 30 லிட்டர், Qts 0.5, பெட்டி 24 லிட்டர் என்றால் விடை 0.75, மிக நன்று. அதே ஸ்பீக்கரை 15 லிட்டரில் அடைத்தால் விடை 0.87 ஆகி, ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் ஒலி சற்றுத் தூக்கலாகக் கேட்கும். அப்போது பெட்டிக்குள் பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஓரளவு சரியாகும். ஸ்பீக்கரின் ஆழத்தையும் மறக்க வேண்டாம்: 80 முதல் 100 மி.மீ. ஆழமுள்ள ஷேலோ மவுண்ட் வகைகள் இந்த வேலைக்கென்றே வருகின்றன. காந்தத்தின் பின்னால் காற்றுத்துளை இருந்தால் அதற்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே 20 மி.மீ.யாவது விட வேண்டும்.

பெட்டியை ஒட்டும் வேலை தச்சருக்குத் தெரிந்ததுதான். விளிம்பெங்கும் மரப்பசை, திருகுக்கு முன் சிறு துளை, உட்புற மூலைகளில் சிலிக்கான் பூச்சு. சிலிக்கான் முழுவதும் காய்ந்து அதன் புளித்த வாடை போகும் வரை ஸ்பீக்கரைப் பூட்டாதீர்கள். அந்த ஆவி ரப்பர் விளிம்புக்கு நல்லதில்லை. கீழ்நோக்கித் தொங்கும் ஸ்பீக்கருக்கு மரத்திருகு போதாது. பலகையின் உட்பக்கம் டி-நட் (பலகையில் பதியும் மரையுள்ள நட்) பதித்து போல்ட்டால் முடுக்குங்கள். முடித்த பிறகு கோனை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். அது தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப்புகாமல் இருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை இருக்கிறது, பெரும்பாலும் ஒயர் முனையங்கள் பொருத்திய இடத்தில்.

மின்சாரம்

தீப்பிடிக்கும் வாய்ப்பு உள்ள ஒரே பகுதி இதுதான் என்பதால் இங்கே சிக்கனம் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். 500 வாட் தரும் டி-கிளாஸ் ஆம்ப்ளிஃபையர், 80 சதவீதத் திறனில், 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 45 ஆம்பியர் இழுக்கும். என்ஜின் அறையிலிருந்து பின் இருக்கை வரை ஐந்து மீட்டர் கேபிள் என்றால், 4 கேஜ் (கேஜ் எண் குறையக் குறையக் கேபிள் தடிக்கும்) செம்புக் கேபிளில் வோல்ட் இழப்பு 0.2க்கும் கீழே, 8 கேஜில் அதுவே 0.46 வோல்ட். மலிவு விலையில் கிடைக்கும் செம்பு பூசிய அலுமினியக் கேபிளின் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவுதான். அதை வாங்கினால் ஒரு படி தடிமனாக வாங்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஃபியூஸ் காப்பது கேபிளை. பாதி வழியில் கேபிளின் உறை தேய்ந்து உடலில் பட்டால், ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் ஃபியூஸால் ஒரு பயனும் இல்லை. மேற்சொன்ன ஆம்ப்ளிஃபையருக்கும் 4 கேஜ் கேபிளுக்கும் 60 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். என்ஜின் அறைச் சுவரைக் கடக்கும்போது ஏற்கெனவே உள்ள ரப்பர் கிராமெட்டின் (ஒயர் நுழையும் துளையின் ரப்பர் வளையம்) வழியாகவே நுழையுங்கள். கூர்மையான தகட்டின் மேல் வெறும் கேபிள் உரசக் கூடாது. மின்கேபிளைக் கதவுப் படியின் ஒரு பக்கமாகவும், ஒலி சமிக்ஞைக் கேபிளை மறுபக்கமாகவும் கொண்டுசெல்வது இரைச்சலைத் தவிர்க்கும்.

எர்த்திங்கில் எஃப்-150க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2015 மாடலிலிருந்து அதன் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தைச் சுரண்டியதும் காற்றில் ஆக்ஸைடு படலம் உடனே படிகிறது. வெறும் செம்பு லக்கை (கேபிள் முனையில் மாட்டும் வளையம்) அதன் மேல் முடுக்கி ஈரமும் சேர்ந்தால் அரிப்பு தொடங்கிவிடும். எனவே கம்பெனி தந்த எர்த் போல்ட் அருகில் இருந்தால் அதையே பயன்படுத்தி, வெள்ளீயம் பூசிய லக்கை முடுக்குவது நல்லது. எஃகு உடல் கொண்ட வண்டிகளில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் முடுக்கி, மேலே துருத்தடுப்பு பூசினால் போதும். எந்த வண்டியானாலும் சீட் பெல்ட் போல்ட்டையோ இருக்கை போல்ட்டையோ எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். லக் நடுவில் சிக்கிய போல்ட்டின் பிடிமானம் மாறிவிடும். புதிதாகத் துளை போடுவதாக இருந்தால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் அங்கேதான் போகின்றன. ஹைப்ரிட் வண்டி என்றால் ஆரஞ்சு உறை போட்ட உயர் மின்னழுத்தக் கேபிளும் இருக்கும். அந்த வண்டியில் தரையைத் துளைக்கவே வேண்டாம்.

வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) இணைப்பை வாங்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். பல மோனோ ஆம்ப்ளிஃபையர்கள் 2 ஓமில் நன்றாக உழைக்கும். அதற்கு இரட்டை 2 ஓம் காயில் கொண்ட இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்து, ஒவ்வொன்றின் இரண்டு காயில்களையும் தொடராக இணைத்தால் 4 ஓம். அந்த இரண்டையும் பக்க இணைப்பாகச் சேர்த்தால் 2 ஓம். ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்து, பேஸ் ஏறத்தாழ மறைந்தே போகும். ஸ்பீக்கர் பழுது என்று கடைக்குத் திரும்பும் பலருடைய கதை இதுதான்.

ஒலிச் சமிக்ஞையும் பொருத்துதலும்

கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமலே, ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சமிக்ஞை எடுக்கும் ஹை-லெவல் உள்ளீடு உள்ள ஆம்ப்ளிஃபையரையோ தனி கன்வெர்ட்டரையோ பயன்படுத்தலாம். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. பல கம்பெனி ஸ்டீரியோக்கள் சத்தம் கூடக் கூடத் தமது சிறிய ஸ்பீக்கர்களைக் காப்பாற்ற பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதை மீட்டுத் தரும் வசதி கன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மற்றொன்று, கூரையில் மைக் வைத்து என்ஜின் இரைச்சலை அதற்கு நேரெதிரான ஒலி அலையால் அடக்கும் அமைப்பு. புதிய சப்வூஃபரின் ஒலியை அது இரைச்சல் என்று எண்ணி எதிர்த்து உழைக்கும்போது கேபினில் ஒரு விசித்திரமான ரீங்காரம் எழும். அந்த அமைப்பைச் செயலிழக்கச் செய்யும் வழி வண்டிக்கு வண்டி மாறும். பொருத்தும் முன்பே விசாரித்துக்கொள்வது மேல்.

ஆம்ப்ளிஃபையரைப் பெட்டியின் மேலேயே திருகாதீர்கள். இடைவிடாத அதிர்வு அதன் சால்டர் இணைப்புகளைத் தளர்த்தும். இருக்கையின் முதுகுப்பகுதிக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு பிளைவுட் துண்டைப் பொருத்தி அதில் மாட்டினால் காற்றோட்டமும் கிடைக்கும். பெட்டியையும் தளர்வாக விட்டுவிடக் கூடாது. இருபது கிலோ எடையுள்ள பொருள் விபத்தின்போது எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. ஜாக்கியைப் பிடித்திருந்த மரையிட்ட துளைகளில் எல் வடிவத் தகடு வைத்துப் பூட்டுவது பெரும்பாலும் சாத்தியம்.

ஆம்ப்ளிஃபையரை ஸ்டீரியோவின் சமிக்ஞைக்குப் பொருத்தும் கெயின் திருகை ஒலி அளவுத் திருகு என்று நினைத்து முழுவதும் திருப்புவது ஸ்பீக்கர் காயில் கருகுவதற்கு முக்கியக் காரணம். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, ஆம்ப்ளிஃபையர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் பிடியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6. அந்த எண் வரும் வரை கெயினைத் திருப்பி, அங்கேயே நிறுத்துங்கள். பேஸ் பூஸ்ட் பூஜ்யத்தில் இருக்கட்டும். லோ-பாஸ் வடிகட்டியை (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலியை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஆண் குரல் பின்னாலிருந்து வருவதுபோல் தோன்றினால் 70க்கு இறக்குங்கள். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஃபேஸ் சுவிட்சை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) இரு பக்கமும் மாற்றிக் கேட்டு, பேஸ் நிறைவாக ஒலிக்கும் பக்கத்தில் விட்டுவிடலாம்.

கடைசியாக, 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டுக் கேபினில் எது கிடுகிடுக்கிறது என்று தேடுங்கள். சீட் பெல்ட்டின் கொக்கி, இருக்கையின் கீல், பின்கண்ணாடிச் சட்டம் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். ஃபெல்ட் நாடா ஒட்டினால் அடங்கிவிடும். ஒரு மாதம் ஓட்டிய பிறகு எர்த் போல்ட்டையும் ஃபியூஸ் பெட்டியின் திருகுகளையும் ஒருமுறை முடுக்கிவிட்டு, நீண்ட நேரம் பாட்டு ஓடியதும் ஃபியூஸ் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாக இருந்தால் அங்கே ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதைப் பிரித்து மறுபடி கிரிம்ப் செய்த பின்னரே வண்டியை எடுங்கள்.